கூட்டாளிமாருக்கு உருகுகிறான், தங்கச்சியிடம் சீறுகிறான்: என்ன செய்யலாம்?

களுவாஞ்சிக்குடியிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார்: "மகனுக்கு 15 வயது. கூட்டாளிமாருக்கு ஒன்றென்றால் சாப்பாட்டையும் விட்டுவிட்டு ஓடுவான். வீட்டில் தங்கச்சியோடு எப்போதும் எரிந்து விழுகிறான். வகுப்பில் திக்கிப் பேசுகிற ஒரு பிள்ளையை இந்தக் கூட்டம் பகிடி பண்ணியதாம், இவனும் சேர்ந்து சிரித்தானாம். இந்தச் சேர்க்கையை நிறுத்திவிடவா?"

நிறுத்த வேண்டாம் அம்மா. கூட்டாளிக்காக ஓடுகிற பிள்ளையிடம் இரக்கம் இருக்கிறது. ஆனால் பிடித்தவனுக்கு உதவுவது லேசு, மனம் தானாகப் போகும். தங்கச்சி கொப்பியைக் கிறுக்கிவிட்ட நேரத்தில் வாயை அடக்குவதற்கும், சுற்றி நிற்கிற எல்லாரும் சிரிக்கும்போது தான் மட்டும் சிரிக்காமல் நிற்பதற்கும் சுயகட்டுப்பாடு வேண்டும். அதைக் கவனிக்கிற மூளையின் முன்பகுதி இருபதுகளின் நடுப்பகுதி வரை வளர்ந்துகொண்டுதான் இருக்கும்.

கூட்டாளிமார் பக்கத்தில் இருந்தால் இந்த வயதில் அந்தக் கட்டுப்பாடு இன்னும் தளரும். அமெரிக்காவில் 2005இல் வெளியான ஓர் ஆய்வில் கணினியில் கார் ஓட்டும் விளையாட்டைக் கொடுத்துப் பார்த்தார்கள். 13 முதல் 16 வயதுப் பிள்ளைகள் தனியாக ஓட்டியதைவிட நண்பர்கள் பார்க்கும்போது கூடுதலாகத் துணிந்தார்கள், 24 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களிடம் அப்படி மாற்றம் இல்லை. இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு, பெற்றோர் பலர் கவனிக்காதது அதுதான். 2016இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில், குழுவுக்குக் கொடுப்பதைச் சக வயதினர் மெச்சியபோது பிள்ளைகள் கூடக் கொடுத்தார்கள், தனக்கே வைத்துக்கொள்வதை மெச்சியபோது குறைத்துக்கொண்டார்கள். ஆகவே கூட்டம் எதை மெச்சுகிறது என்று பாருங்கள்.

அந்தக் கூட்டத்தில் பகிடி பிடிக்காத ஒருவன் பெரும்பாலும் இருப்பான். அவன் யாரென்று மகனிடமே கேளுங்கள், அவனை வீட்டுக்குக் கூப்பிட்டுச் சாப்பாடு போடுங்கள், அந்த நெருக்கம் வளரட்டும். ஒருவன் சிரிக்காவிட்டால் மற்றவனுக்கும் சிரிக்காமல் இருக்கத் தைரியம் வரும். கதிர்காமப் பாதயாத்திரைக் காலத்தில் ஊரில் தாகசாந்தி வைப்பார்கள் அல்லவா, கூட்டாளிமாரையும் சேர்த்து அனுப்புங்கள், தெரியாதவர்களுக்குச் செய்வதையும் அவர்கள் ஒன்றாகவே பழகட்டும்.

வீட்டுச் சண்டைக்கு வருவோம். ரியூசன் முடிந்து பசியோடும் களைப்போடும் வருகிற பிள்ளையிடம் பொறுமையை எதிர்பார்க்காதீர்கள், முதலில் சாப்பிடட்டும், இரவில் போனை வாங்கி வைத்துவிட்டு நேரத்துக்குத் தூங்க விடுங்கள். "கோபப்படாதே" என்று சொல்வதில் பயன் குறைவு. "அவள் கொப்பியைத் தொட்டால் நான் எழும்பி முற்றத்துக்குப் போவேன்" என்று, கோபம் இல்லாத ஒரு நேரத்தில் அவனே முடிவெடுத்து வைக்கட்டும். அப்பா அடித்துத் திருத்தப் பார்த்தால் தடுங்கள், அடியில் அவன் படிப்பது கை ஓங்கத்தான்.

திக்கிப் பேசும் பிள்ளையிடம் மகன் தனியாகப் போய் மன்னிப்புக் கேட்கட்டும், கூட்டத்துக்கு முன்னால் வேண்டாம். அதற்குப் பிறகும் பகிடி தொடர்ந்தால், மகன் கோபித்தாலும் பரவாயில்லை, வகுப்பாசிரியரிடம் நீங்களே போய்ச் சொல்லுங்கள்.