ஓடிபி வரவே இல்லை, பில் மட்டும் வந்திருக்கிறது

கேள்வி: நள்ளிரவில் என் கிரெடிட் கார்டில் ஏதோ வெளிநாட்டுத் தளத்தில் மூன்று முறையாக 38,000 ரூபாய் எடுக்கப்பட்டது. கார்டு என் பர்ஸில்தான் இருந்தது, ஓடிபி வரவில்லை. குறுஞ்செய்தியைப் பார்த்த காலையிலேயே கஸ்டமர் கேருக்குப் போன் செய்து கார்டை முடக்கினேன். கார்டு எண்ணும் சிவிவியும் (கார்டிலேயே அச்சிட்டிருக்கும் பாதுகாப்பு எண்) சரியாக இருந்ததால் நான்தான் கட்ட வேண்டும் என்கிறது வங்கி. கட்டாவிட்டால் சிபில் என்கிற கடன் மதிப்பெண் கெட்டுவிடுமா?

பதில்: பயந்து கட்டிவிடாதீர்கள். எண்ணும் சிவிவியும் சரியாக இருந்தது என்பதாலேயே எடுத்தது நீங்கள் என்று ஆகிவிடாது. கார்டைக் கையில் வாங்கிப் பார்த்த யாருக்கும் அவை தெரியும். 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி வகுத்த விதிப்படி, பொறுப்பு உங்களுடையது என்று நிரூபிக்க வேண்டியது வங்கிதான். தவறு உங்களிடமும் இல்லை, வங்கியிடமும் இல்லை, வெளியாள் செய்தது என்றால், தகவல் வந்த 3 வேலை நாட்களுக்குள் புகார் செய்தவருக்கு நஷ்டமே கிடையாது. நீங்கள் மறுநாளே சொல்லிவிட்டீர்கள். ஒரு வாரம் தள்ளிப் போட்டிருந்தால் கதை வேறு.

ஆனால் போனில் சொன்னது மட்டும் போதாது. இன்றே வங்கிக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். மூன்று பரிவர்த்தனைகளின் தேதி, நேரம், தொகை, நீங்கள் போன் செய்த நேரம், அவர்கள் தந்த புகார் எண் எல்லாம் அதில் இருக்கட்டும். குறுஞ்செய்திகளை ஸ்கிரீன்ஷாட் எடுத்து இணையுங்கள். புகார் கிடைத்த 10 வேலை நாட்களுக்குள் தொகையைத் தற்காலிகமாகத் திருப்பி வரவு வைக்க வேண்டும் என்பதும் அதே விதியில் இருக்கிறது, அதையும் கேளுங்கள்.

பில்லில் நீங்கள் செலவழித்ததைக் கெடு தேதிக்குள் கட்டிவிடுங்கள். இதை விட்டால்தான் சிபிலுக்கு ஆபத்து. மோசடித் தொகையை மறுத்திருப்பதாக எழுதிவிட்டால், அந்தத் தகராறு தீரும்வரை அதற்குக் கட்டணம் போடக் கூடாது, பாக்கிதாரர் என்று தெரிவிக்கவும் கூடாது.

அப்புறம், 1930க்கு அழைத்துச் சைபர் குற்றப் புகாரும் பதிவு செய்யுங்கள். வங்கி 30 நாட்களில் பதில் தராவிட்டாலோ மறுத்தாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் இல்லை.

ஒன்றை மட்டும் யோசித்துப் பாருங்கள்: அதற்கு முன் யாராவது போனில் கார்டு விவரம் கேட்டு, நீங்கள் சொன்னதுண்டா? சொல்லியிருந்தால், புகார் செய்யும்வரை ஆன நஷ்டம் உங்களுடையதாகிவிடும். இருந்தால் மறைக்காமல் எழுதுங்கள், வழி வேறாகும்.

புதுக் கார்டு வந்ததும் வங்கிச் செயலியில் வெளிநாட்டுப் பயன்பாட்டை அணைத்து வையுங்கள். பழைய கார்டில் அதை நீங்கள் அணைத்து வைத்திருந்தீர்களா என்றும் பாருங்கள். அணைத்திருந்தும் பணம் போயிருந்தால் அது வங்கியின் குறைபாடு, மின்னஞ்சலின் முதல் வரியே அதுவாக இருக்கட்டும்.