வைக்கோலில் ஹெமிசெல்லுலோஸ் ஏன் குறைவாகக் காட்டுகிறது?

கேள்வி: எம்.எஸ்சி. இறுதியாண்டு ஆய்வுக்காக நெல் வைக்கோலைத் தனியார் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்தேன். என்.டி.எஃப். 70, ஏ.டி.எஃப். 54, ஹெமிசெல்லுலோஸ் 16 சதவீதம் என்று அறிக்கை வந்தது. நான் படித்த கட்டுரைகளில் 20க்கு மேல் இருக்கிறது. மாதிரி கெட்டுவிட்டதா? வேறிடத்தில் கொடுக்கட்டுமா?

பதில்: இன்னொரு முறை பணம் கட்டாதீர்கள், அம்மா. என்.டி.எஃப்., ஏ.டி.எஃப். என்ற இரண்டு எச்சங்களையும் எரித்தபின் மிஞ்சும் சாம்பலின் எடையை அதே கூடத்தில் முதலில் கேளுங்கள்.

தாவரச் செல் சுவரில் இருக்கும் ஹெமிசெல்லுலோஸை இந்த முறையில் யாரும் நேரடியாக அளப்பதில்லை. நடுநிலைச் சோப்புக் கரைசலில் வேகவைத்து மிஞ்சுவது என்.டி.எஃப். அமிலம் சேர்த்த கரைசலில் ஹெமிசெல்லுலோஸும் கரைந்துபோக, மிஞ்சுவது ஏ.டி.எஃப். முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் விடை. இந்தக் கழித்தலைத் தனிப் பரிசோதனையாகக் காட்டிக் கட்டணம் வாங்கும் இடங்கள் உண்டு. உங்கள் ரசீதில் 'ஹெமிசெல்லுலோஸ்' என்று தனி வரி இருக்கிறதா, பாருங்கள். ப்ராஜெக்ட் சென்டர் வழியாகக் கொடுத்திருந்தால் தரகும் அதில் சேர்ந்திருக்கும்.

சரி, 16 எப்படி வந்தது? பெரும்பாலும் சிலிகாதான் காரணம். நெல் மண்ணிலிருந்து அதை ஏராளமாக உறிஞ்சும். நடுநிலைக் கரைசல் சிலிகாவில் ஒரு பகுதியைக் கரைத்துவிடும். அமிலக் கரைசல் ஏறக்குறைய முழுவதையும் விட்டுவைக்கும். அதனால் ஏ.டி.எஃப். எடை வீங்குகிறது, கழித்து வரும் விடை சுருங்குகிறது. எச்சத்தை எரித்தால் இந்தச் சிலிகா சாம்பலாக நிற்கும். உதாரணத்துக்கு, உங்கள் 70இல் சாம்பல் 8, 54இல் 14 என்று வைத்துக்கொள்ளுங்கள். 62இலிருந்து 40 போக 22. வைக்கோல் அதேதான், விடைதான் மாறுகிறது. கரும்புச் சக்கையில் இந்தச் சிக்கல் இவ்வளவு பெரிதாக வராது. வைக்கோலுக்குச் சாம்பலைக் கழிக்காத எண்ணை நான் ஏற்கவே மாட்டேன்.

சாம்பல் பார்க்கவில்லை என்று சொன்னால், எச்சம் இருக்கும் குரூசிபிள்களை (வெப்பம் தாங்கும் சிறு கிண்ணங்களை) 550 டிகிரி உலையில் வைத்து எடை போடச் சொல்லுங்கள். கழுவிவிட்டார்கள் என்றால் மீதி மாதிரியை உங்கள் துறையிலேயே செய்யலாம். என்.டி.எஃப். எச்சத்தின் மேலேயே ஏ.டி.எஃப். செய்யுங்கள், மூன்று தடவையாவது செய்யுங்கள். மாதிரியை 60 டிகிரிக்கு மேல் காயவைக்க வேண்டாம்.

முத்திரை போட்ட அறிக்கை இருந்தால் போதும் என்று கல்லூரிகள் நினைக்கின்றன. எந்த முறை, எத்தனை தடவை என்று ஒருவரும் கேட்பதில்லை. அந்த அலட்சியத்தில்தான் இந்த வியாபாரம் ஓடுகிறது. குரூசிபிள் எடைத்தாளைக் கேட்டு வாங்குங்கள். தர மறுக்கும் கூடத்தின் எண்ணை ஆய்வேட்டில் போடாதீர்கள்.

ஹெமிசெல்லுலோஸிலிருந்து சைலோஸ் என்ற சர்க்கரையை எடுப்பதுதான் உங்கள் நோக்கம் என்றால் இந்த முறையே போதாது. 72 சதவீத கந்தக அமிலத்தில் தொடங்கும் இரண்டு கட்ட நீராற்பகுப்பு செய்து, சர்க்கரைகளைப் பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி. கருவியில் அளந்து, சைலோஸை 0.88ஆல் பெருக்க வேண்டும்; வைக்கோலில் அது சைலானாக எவ்வளவு இருந்தது என்று அப்போது தெரியும்.