சிஞாக்கின் பாய்மரப் படகு ஓவியங்களில் வெயில் எப்படி இவ்வளவு பளிச்சிடுகிறது?

வெள்ளையை அள்ளிப் பூசியதால் என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். பிரெஞ்சு ஓவியர் போல் சிஞாக் 1895இல் வரைந்த ‘சிவப்பு மிதவை’யையே எடுத்துக்கொள்வோம். தென் பிரான்சின் சான் திரோப்பே துறைமுகம், பாய்மரப் படகுகள், முன்னால் செக்கச்சிவந்த ஒரு மிதவை. கரையோர வீடுகளின் பிம்பம் தண்ணீரில் ஆரஞ்சுத் தீற்றல்களாக உடைந்து கிடக்கிறது. அவற்றின் இடையிடையே நீலம். இவை இரண்டும் எதிர் நிறங்கள். அருகருகே வைத்தால் ஒன்றையொன்று தூக்கிக் காட்டும். தட்டிலேயே குழைத்தால் இரண்டும் மங்கிச் சாம்பலாகிவிடும். வேதியியலாளர் ஷெவ்ரோல் 1839லேயே இந்த நிற முரணைப் பற்றி விரிவாக எழுதிவிட்டார்.

இப்படிக் குழைக்காமல் தனித்தனியாக வைத்த நிறப் புள்ளிகள் கண்ணுக்குள் கலந்து புது நிறமாகின்றன என்று பலரும் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். சிஞாக்கின் தீற்றல்கள் அதற்குக் கொஞ்சம் பெரியவை. முழுதாகக் கலவாமல் கண்ணை அலைக்கழிப்பதால்தான் நீர் மினுங்குகிறது என்பது என் கணிப்பு.

இன்னொன்று: அவர் தேர்ந்த படகோட்டி, சொந்தமாகவே பல பாய்மரப் படகுகள் வைத்திருந்தவர். பாய் எப்போது புடைக்கும், எப்போது தொய்யும் என்பது கைப்பழக்கமாகவே தெரிந்திருந்தது.