2005 இலங்கை ஜனாதிபதித் தேர்தலில் ரணில் தோற்றதற்கு வடக்கின் புறக்கணிப்பு மட்டும்தான் காரணமா?

யாழ்ப்பாணத்தில் அந்தத் தேர்தலன்று வீட்டுக்குள் இருந்தவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன். எனக்கு அது முதல் தேர்தல். வாக்காளர் அட்டை வந்திருந்தது, அம்மா அதைச் சாமியறைத் தட்டில் விபூதிக் கிண்ணத்துக்குக் கீழே வைத்திருந்தா. அது அங்கேயே கிடந்தது.

கேள்விக்கு நேர்ப் பதில்: புறக்கணிப்பு இல்லாவிட்டால் ரணில் வென்றிருக்கக்கூடும். ஆனால் "வடக்கால்தான் தோற்றார்" என்று சொல்லி முடித்துவிட்டால் பாதிக் கதை காணாமல் போய்விடும். அந்த மற்றப் பாதியில் ரணிலுக்கும் பங்கு உண்டு.

முதலில் எண்கள். 2005 நவம்பர் 17 தேர்தலில் மகிந்த ராஜபக்ச 4,887,152 வாக்குகள், ரணில் விக்கிரமசிங்க 4,706,366. வித்தியாசம் 180,786. சதவீதத்தில் 50.29க்கு 48.43. யாழ் மாவட்டத்தில் பதிவு செய்யப்பட்ட வாக்காளர் ஏறத்தாழ ஏழு இலட்சம் பேர், வாக்களித்தது எண்ணாயிரத்துச் சொச்சம். அதாவது 1.21 வீதம். வன்னியில் 34 வீதம், மட்டக்களப்பில் பாதிக்கும் குறைவு. இந்த எண்களைப் பார்க்கும் யாருக்கும் "அட, இவ்வளவுதானே, யாழ்ப்பாணம் போட்டிருந்தால் ரணில் வந்திருப்பாரே" என்றுதான் தோன்றும். கொழும்பில் இன்றுவரை இதைத்தான் எங்களிடம் சொல்கிறார்கள். சொல்லும்போது ஒரு மாதிரியான தொனியும் இருக்கும், நாங்கள் அவர்களுக்கு எதையோ கடன் வைத்தது போல.

அன்றைய நாள் எப்படி இருந்தது என்று சொல்கிறேன். என் மாமா அரச உத்தியோகத்தர், தேர்தல் கடமைக்குப் போனவர். ஒரு பள்ளிக்கூடத்தில்தான் அவருக்கு வாக்களிப்பு நிலையம். இரவு வந்து கை கால் கழுவாமலே திண்ணையில் இருந்துவிட்டார். "காலமை ஏழு மணிக்கு வெறும் பெட்டியைத் திறந்து காட்டிச் சீல் வைச்சனாங்கள். நாலு மணி மட்டும் இருந்தம். ஏழே ஏழு பேர். அதிலை ஒருத்தர் கண் தெரியாத கிழவர், பேரன்ர கையைப் பிடிச்சுக்கொண்டு வந்தவர்" என்றார். பிறகு, "பெட்டியைத் தூக்கேக்கை உள்ளுக்கை கடதாசி இங்காலும் அங்காலும் உருளுற சத்தம் கேட்டது" என்றார். அந்தச் சத்தத்தைப் பற்றி அவர் பிறகும் பல தடவை சொல்லியிருக்கிறார்.

வெளியே வீதியில் நாய்களும் ஆமிக்காரரும்தான். அதற்கு ஒரு கிழமைக்கு முன்னரே கிளிநொச்சியிலிருந்து செய்தி வந்துவிட்டது: புலிகளும் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பும் சந்தித்தபின், இந்தத் தேர்தலில் தமிழ் மக்களுக்கு அக்கறை இல்லை என்று அறிவித்தார்கள். காதில் விழும்போது அது மென்மையான வசனம். ஆனால் ஊரில் அது அப்படியே மென்மையாக இறங்கவில்லை. மாணவர், மக்கள் என்ற பெயர்களில் துண்டுப்பிரசுரங்கள் வந்தன. சின்னவிரலில் மையோடு பின்னேரம் வீதியில் நடக்க யாருக்குத் துணிவு? கழுவினால் போகிற மையா அது? பயத்தால்தான் போகவில்லை என்பதை நான் ஒளிக்கப்போவதில்லை. அதை "மக்களின் தன்னியல்பான முடிவு" என்று எழுதுபவர்களை வாசிக்கும்போது எனக்குக் கோபம் வரும். அதேநேரம் முழுக்க முழுக்கப் பயம் மட்டும்தான் என்றும் சொல்ல மனம் வரவில்லை. எங்கள் வீட்டில் அன்று யாரும், ஐயோ ரணிலுக்குப் போட முடியவில்லையே என்று ஏங்கவில்லை. என் பதில் இந்த இடத்திலிருந்துதான் தொடங்குகிறது.

ரணில் வடக்கின் வாக்குகளை ஏற்கெனவே மடியில் கட்டிக்கொண்ட காசு போல நினைத்திருந்தார் என்பது என் கணிப்பு. 2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை அவர் கையெழுத்திட்டது. வடக்கைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 பாதை திறந்தது அவர் காலத்தில்தான். பன்னிரண்டு வருடம் பார்க்காத உறவுகள் வந்து இறங்கிய நாள்களை நாங்கள் மறக்கவில்லை. அதற்கு நன்றி இருந்தது. ஆனால் நன்றி வேறு, வாக்கு வேறு. 1999 தேர்தலில் யாழ்ப்பாணத்தில் போட்ட கொஞ்சப் பேரிலும் அப்போதைய ஜனாதிபதி சந்திரிகாவுக்குத்தான் ரணிலைவிடக் கூட விழுந்தது என்பதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

அவரது பிரச்சினை தெற்கு. 2004 ஏப்ரல் பொதுத் தேர்தலில் தோற்று, பிரதமர் பதவி போய், அவரது கட்சிக்கு 82 ஆசனம்தான் கிடைத்தது. "புலிகளுக்கு நாட்டைக் கொடுத்தவர்" என்ற பட்டம் அவருக்கு ஒட்டிவிட்டது. மகிந்த 2005 செப்டெம்பரில் சிங்களத் தேசியவாதக் கட்சிகளான ஜே.வி.பி.யோடும் ஹெல உறுமயவோடும் ஒப்பந்தம் செய்தார்: ஒற்றையாட்சி, போர்நிறுத்தத்தை மீளாய்வு செய்தல், அரசும் புலிகளும் சேர்ந்து நடத்த ஒப்புக்கொண்ட சுனாமி நிவாரணப் பொதுக்கட்டமைப்பைக் கைவிடல். தமிழ் வாக்காளரிடம் போய், பாருங்கள் எதிர்த்தரப்பு என்ன எழுதிக் கையெழுத்து வைத்திருக்கிறது என்று காட்ட இதைவிட நல்ல ஆயுதம் கிடைக்குமா? ரணில் அதை உரத்துப் பேசவில்லை. பேசினால் தெற்கில் வாக்குப் போய்விடும் என்ற பயம். ஒஸ்லோ சமாதானப் பேச்சில் பேசப்பட்ட சமஷ்டியை, அதாவது கூட்டாட்சியை, முழுதாகக் கைவிடவும் இல்லை, முழுதாக ஏந்தவும் இல்லை.

போதாக்குறைக்கு, தேர்தல் நெருங்கும் நேரத்தில் அவரது கட்சிப் பிரமுகர்களே, புலிகளின் கிழக்குத் தளபதி கருணா அவர்களை விட்டுப் பிரிந்ததற்குத் தங்கள் ஆட்சிதான் காரணம் என்கிற மாதிரிப் பேசிவைத்தார்கள். தெற்கில் கைதட்டு வாங்கப் பேசிய பேச்சு. அது கிளிநொச்சியில் என்ன மாதிரிக் கேட்டிருக்கும்? புலிகளுக்கு ஏற்கெனவே ரணிலின் "சர்வதேச வலை" பற்றிய எரிச்சல் இருந்தது. மெதுமெதுவாகக் கட்டிப்போடுகிற வலை என்றுதான் அவர்கள் அதைச் சொன்னார்கள். அதை ரணிலின் ஆட்களே மேடையில் ஒத்துக்கொண்டால், எதிரிக்கு விளக்கம் எழுதிக் கொடுத்த மாதிரி. சரி, அந்தப் பேச்சால் தெற்கில் ஏதும் கூடினதா என்றால் அதுவும் இல்லை. அதைக் கேட்க விரும்பியவர்களுக்கு மகிந்தவிடம் அசல் இருந்தது, நகலை யார் வாங்குவார்?

(பணம் கைமாறித்தான் புறக்கணிப்பு நடந்தது என்று பிற்காலத்தில் ஒரு குற்றச்சாட்டு எழுந்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அது குற்றச்சாட்டாகவே நிற்கிறது. அதை வைத்து நான் பதில் கட்டப்போவதில்லை. அது இல்லாமலே புலிகளுக்குக் காரணங்கள் போதுமானவை.)

இனி, புறக்கணிப்பு இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்ற கணக்கு. யாழ்ப்பாணத்தில் போட்ட அந்தக் கொஞ்சப் பேரில் 70 வீதம் ரணிலுக்கு, 25 வீதம் மகிந்தவுக்கு. இதே விகிதத்தில் ஒரு இலட்சத்துப் பதினையாயிரம் பேர் கூடப் போட்டிருந்தால் மகிந்த 50 வீதத்துக்குக் கீழே இறங்கியிருப்பார், ஏனென்றால் அவர் பாதியைத் தாண்டியது வெறும் 28,000 சொச்ச வாக்குகளால்தான். யாரும் பாதியைத் தாண்டாவிட்டால், வாக்காளர் இரண்டாவதாகக் குறித்த பெயரை, அதாவது இரண்டாம் விருப்பத்தெரிவை, எண்ணவேண்டி வந்திருக்கும். ஆனால் எண்ணியும் ரணில் முந்தவேண்டுமென்றால், இதே விகிதப்படி நாலு இலட்சம் பேர் வந்திருக்க வேண்டும். யாழ்ப்பாணத்து வாக்காளர் இடாப்பில் இருந்த ஏழு இலட்சத்தில் எத்தனை பேர் ரொறொன்ரோவிலும் லண்டனிலும் இருந்தார்கள் என்பதை நாங்கள் அறிவோம். போர் முடிந்தபின் 2010 இல், யாரும் தடுக்காத நிலையிலும், இங்கே நான்கில் ஒருவர்தான் வாக்களித்தார்.

விகிதம் கூடியிருக்கும், பயத்துக்குள் போட்ட எட்டாயிரத்தை வைத்து ஏழு இலட்சத்தை அளக்கக்கூடாது என்று நீங்கள் கேட்கலாம். நியாயம். 2015 ஐப் பாருங்கள்: யாழ்ப்பாணத்தில் மகிந்தவை எதிர்த்து நின்ற மைத்திரிபால சிறிசேனவுக்கு இரண்டரை இலட்சம், மகிந்தவுக்கு எழுபத்து நாலாயிரம். இடைவெளி ஏறத்தாழ 179,000. 2005 இன் 180,786 க்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விதி கிண்டல் பண்ணுகிற மாதிரி இருக்கும். வன்னியையும் கூட்டினால் தாண்டும். ஆகவே முடிந்திருக்கும், ஆனால் 2015 இன் அலை மாதிரி ஒன்று வேண்டியிருந்தது. அந்த அலை பத்து வருட ராஜபக்ச ஆட்சியைப் பட்டு அறிந்தபின் வந்தது. 2005 இல் எங்களுக்கு மகிந்த அம்பாந்தோட்டைக்காரர் ஒருவர், அவ்வளவுதான். புலிகளின் தலைவரே தேர்தல் முடிந்து பத்தாம் நாள் மாவீரர் உரையில் அவரை யதார்த்தவாதியாகக் கருதலாம் என்ற பொருளில் பேசினார். எட்டு மாதத்தில் மாவிலாற்றில் சண்டை மூண்டது, பிறகு நடந்தது எல்லாம் உங்களுக்குத் தெரியும்.

தெற்குக் கணக்கை யாரும் எடுப்பதில்லை, அதனால் அதையும் சொல்லிவிடுகிறேன். கொழும்புக்கு அடுத்துள்ள கம்பஹா என்ற ஒரே மாவட்டத்தில் ரணில் பின்தங்கியது ஒரு இலட்சத்துக்கு மேல். அங்கே யாரும் யாரையும் வாக்களிக்கக் கூடாது என்று சொல்லவில்லை. சொந்தக் கோட்டையான கொழும்பில் முந்தியது முப்பத்தைந்தாயிரம் அளவுதான். அம்பாந்தோட்டை, மாத்தறை, காலி பற்றிப் பேசவே வேண்டாம். மலையகத்தில் தோட்டத் தொழிலாளர் தலைவர் தொண்டமான் பக்கமும், முஸ்லிம் காங்கிரஸும் நின்றதால்தான் அவர் இவ்வளவு கிட்ட வந்தார். நுவரெலியாவில் அவருக்கு 70 வீதம். அதாவது நாடு முழுதும் சிறுபான்மையினர் அவரைத் தோளில் தூக்கிவைத்திருந்தார்கள், ஒரு தோள் இல்லாமல் போனதும் விழுந்தார்.

சிங்களக் கிராமத்தில் ஏன் எடுபடவில்லை? மகிந்த குரக்கன் சால்வையைப் போட்டுக்கொண்டு வயலோரம் நின்று, 50 கிலோ உரம் 350 ரூபாய்க்குத் தருவேன் என்றார். ரணில் முதலீடு, வளர்ச்சி, சர்வதேச ஆதரவு என்றார். இரண்டாவது பொருளாதார வகுப்பில் சரியாக இருக்கலாம். உரமூட்டையைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு போகிற மனிதனுக்கு 350 என்ற எண் மனதில் நிற்கும். 2002 முதல் 2004 வரை அவர் ஆட்சியில் சமாதானம் வந்தது, ஆனால் அதன் இலாபம் கொழும்பைத் தாண்டிப் போய்ச் சேரவில்லை என்ற மனக்குறை கிராமங்களில் இருந்தது. மகிந்தவின் சொந்தக் கட்சித் தலைவி சந்திரிகாவே அவருக்காக மனமுவந்து உழைக்கவில்லை. எதிரணி வீட்டுக்குள் இப்படி விரிசல் இருந்தும் அதில் கை வைக்கத் தெரியாதவர் ரணில்.

எங்கள் பக்கத்தையும் விடக்கூடாது. புறக்கணிப்பு எங்களுக்குப் புதிதல்ல. 1931 இல் யாழ்ப்பாண வாலிப காங்கிரஸ் அரசாங்க சபைத் தேர்தலைப் புறக்கணிக்கச் சொல்லி, யாழ்ப்பாணக் குடாநாட்டின் நாலு ஆசனங்கள் 1934 வரை வெறுமையாகவே கிடந்தன. அவர்கள் துவக்கு வைத்திருக்கவில்லை, காந்தியைப் படித்தவர்கள். ஆனாலும் வெறும் கதிரை வெறும் கதிரைதான், அதில் நாங்கள் இல்லை என்பதை மற்றவர்கள் பெரிதாகக் கவலைப்பட்டுப் பார்க்கவில்லை. மாமாவிடம் இதைச் சொன்னபோது, "அப்ப பெட்டியே வைக்கேல்லை, இப்ப பெட்டி வைச்சும் ஆக்கள் இல்லை, அதுதான் முன்னேற்றம்" என்றார்.

ஆகவே ரணில் ஏன் தோற்றார் என்று கேட்டால், எங்கள் கதவை வேறொருவர் பூட்டினார் என்பது உண்மை. பூட்டுமுன் அந்தக் கதவை அவர் வந்து தட்டவில்லை என்பதும் உண்மை. கம்பஹாவில் கதவு திறந்தேதான் கிடந்தது.

அதற்குப் பிறகு பத்தொன்பது வருடம் அவர் ஜனாதிபதித் தேர்தலில் நிற்கவில்லை. 2010 இல் பொன்சேகாவுக்கும், 2015 இல் மைத்திரிக்கும், 2019 இல் சஜித்துக்கும் வழிவிட்டார். 2022 இல் பாராளுமன்ற வாக்கெடுப்பில் ஜனாதிபதியானார், 2024 செப்டெம்பரில்தான் மறுபடியும் மக்களிடம் வந்தார். நாடு முழுவதிலும் 17 வீதம், மூன்றாமிடம். யாழ்ப்பாணத்தில் அன்று யாரும் தடுக்கவில்லை. வரிசை இருந்தது, மை இருந்தது, பின்னேரம் அந்த விரலோடு கடைக்குப் போய்த் தேத்தண்ணி குடித்தோம். இங்கே சஜித் முதலாவது, தமிழ்ப் பொதுவேட்பாளர் அரியநேத்திரன் இரண்டாவது, ரணில் மூன்றாவது, எண்பத்து நாலாயிரம் அளவில்.

மாமா ஓய்வுபெற்றுவிட்டார். அன்று தானும் ஒரு வாக்காளராகப் போய் வந்தார். யாருக்குப் போட்டீர்கள் என்று கேட்டேன், சொல்லவில்லை. "பெட்டி பாரமா இருந்திருக்கும்" என்று மட்டும் சொன்னார்.