நாஜி ஜெர்மனியில் குளிர்கால நிதிக்கு மக்கள் விரும்பித்தான் கொடுத்தார்களா?

பெயருக்கு நன்கொடை, நடைமுறையில் வசூல். குளிர்காலத்தில் ஏழைகளுக்கு உதவ என்று 1933-இல் தொடங்கிய ‘விண்டர்ஹில்ஃப்ஸ்வெர்க்’ (குளிர்கால உதவி) திட்டத்துக்குச் சம்பளத்திலேயே பிடித்தார்கள். அப்புறம் தெருவில் சீருடைக்காரர்கள் உண்டியல் குலுக்குவார்கள். காசு போட்டால் ஒரு சின்ன பேட்ஜ். அதைக் கோட்டில் குத்தியிருந்தால் அடுத்த உண்டியல்காரர் விட்டுவிடுவார். குத்தாதவர் எல்லார் கண்ணிலும் படுவார். கொடுத்த வீடு என்று காட்டக் கதவில் ஒட்டும் அட்டையும் உண்டு. குளிர்காலத்தில் மாதம் ஒரு ஞாயிறு வழக்கமான சாப்பாட்டுக்குப் பதில் மலிவான ஒரே பானைச் சமையல். மிச்சப்பட்ட பணத்தை வாங்க வீட்டுக்கே ஆள் வரும். மறுத்தால் சந்தேகப்பட்டியலில் பெயர் ஏறும், வேலையும் போகலாம். பயந்து கொடுத்தவர்களை நான் குறை சொல்லமாட்டேன். ஏழைகள் பலருக்கு நிலக்கரியும் உணவும் கிடைத்தது உண்மை. ஆனால் 1935-இல் யூத ஏழைகளை அதிலிருந்து விலக்கிவிட்டார்கள். அவர்களுக்கு யூத அமைப்புகளே தனியாக நிதி திரட்ட வேண்டியிருந்தது.