டைவிங் அனுபவம் பாராமெடிக் வேலைக்குக் கைகொடுக்குமா?

தம்பி, புதிதாக வெளிநாடு வந்திருக்கிறீர்கள், டெக்னிக்கல் டைவிங் (வெவ்வேறு வாயுக் கலவைகளோடு ஆழத்துக்குப் போய்வரும் டைவிங்) பல வருடப் பழக்கம், பாராமெடிக் படிப்பில் சேர்ந்தால் அது உதவுமா என்று கேட்டிருந்தீர்கள். நான் இங்கே வந்து அந்த வேலையில் இருப்பவன், டைவும் அடிப்பவன். டைவிங் அட்டையை மருத்துவத் தகுதியாக யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். உதவுவது வேலைக்குள் போன பிறகுதான்.

வாயுக் கணக்கு உங்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. 2 லிட்டர் சிலிண்டரில் 200 பார் அழுத்தம் இருந்தால் ஏறக்குறைய 400 லிட்டர் ஆக்சிஜன். நிமிடத்துக்கு 15 லிட்டர் கொடுத்தால் 26 நிமிடத்தில் காலி. மாடியிலிருந்து நோயாளியை இறக்கும் நேரத்தையும் சேர்த்து யோசிக்க உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் விட்டுவிட வேண்டும். டைவருக்கு ஏதாவது என்றால் உடனே 100 சதவீத ஆக்சிஜன் என்று நமக்குப் பதிந்திருக்கிறது. நாள்பட்ட நுரையீரல் அடைப்பு உள்ள பலருக்கு ரத்த ஆக்சிஜன் அளவை 88 முதல் 92 சதவீதத்துக்குள் வைக்கத்தான் பார்ப்போம். அள்ளிக் கொடுத்தால் கார்பன் டை ஆக்சைடு ஏறி ஆள் நினைவிழக்கலாம்.

என்னைக் கேட்டால் பெரிய சொத்து வேறு. மேலே வரும் வழியில் 21 மீட்டர் ஆழத்தில் 50 சதவீத ஆக்சிஜன் கலவைக்கு மாறும்போது என்ன செய்கிறோம்? சிலிண்டர் லேபிளைப் படிக்கிறோம், குழாயைக் கையால் தடவி வாய்ப்பகுதி வரை பார்க்கிறோம், கூட்டாளி பார்த்துத் தலையாட்டிய பிறகுதான் வாயில் வைக்கிறோம். அதையே 40 மீட்டரில் தவறுதலாக இழுத்தால், அந்த அழுத்தத்தில் ஆக்சிஜனே நஞ்சாகி வலிப்பு வரலாம். ஊசி மருந்தை இருவராகச் சரிபார்ப்பதும் இதே வேலைதான்.

அப்புறம், கட்டைவிரலை மேலே காட்டினால் டைவ் முடிந்தது. காட்டியவர் குழுவில் கடைசி ஆளாக இருந்தாலும் தண்ணீருக்குள் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. நம்மில் பலர் பெரியவர் முன்னால் வாய் திறக்காமல் வளர்ந்தவர்கள். புது நாடு, புது மொழி என்றால் கூச்சம் இன்னும் கூடும். மூத்த மருத்துவர் சொன்ன அளவு தவறாகப் பட்டால் "ஒரு நிமிடம், திரும்பச் சொல்லுங்கள்" என்று கேட்கும் துணிச்சல் உங்களுக்கு ஏற்கெனவே பழக்கமாகியிருக்கும். நேர்முகத்தில் எவ்வளவு ஆழம் போனேன் என்று பெருமை பேசாதீர்கள். பாதியில் திரும்பிய டைவைப் பற்றிச் சொல்லுங்கள்.

டைவிங் கற்றுத்தராதது பேச்சு. கீழே சைகையோடு முடிந்துவிடும். இங்கே பயந்துபோன பாட்டியிடம் அவர் வட்டார வழக்கில் வலி எங்கே என்று கேட்க வேண்டும். மருத்துவப் பாடத்தைவிட இதற்குத்தான் அதிக உழைப்பு பிடிக்கும். வயதானவர்களோடு பேசக் கிடைக்கும் தன்னார்வ வேலை எதையாவது இப்போதே பிடியுங்கள்.

பின்னாளில் ஹெலிகாப்டர் ஆம்புலன்ஸுக்குப் போனால் ஷிப்ட் அட்டவணையைப் பார்த்து டைவ் வையுங்கள். டிகம்ப்ரஷன் டைவ் (மேலே வரும்போது இடையிடையே நின்று உடலில் கரைந்த வாயுவை வெளியேற்ற வேண்டிய டைவ்) அடித்துவிட்டு 24 மணி நேரமாவது பறக்காமல் இருப்பதுதான் நல்லது.