‘யோ’வை எங்கே விழுங்கலாம்?

அடுத்த மாதம் மத்ரித் வருகிறேன், ‘நான்’ என்பதற்கு ‘யோ’ என்று படித்தேன், ஆனால் ஸ்பானியர்கள் அதைச் சொல்வதே இல்லையே, நானும் விட்டுவிடலாமா, வாடகை எவ்வளவு ஆகும் என்று கேட்டிருக்கிறீர்கள் தம்பி. வாடகை நாலு வீடு ஏறி இறங்கினால் தெரிந்துவிடும். எம்பத்ரோனாமியெந்தோ என்கிற முகவரிப் பதிவுக்கு வீட்டுக்காரர் ஒத்துக்கொள்வாரா என்று மட்டும் முன்பணம் கொடுக்கும் முன் கேளுங்கள்.

‘யோ’வுக்கு வருகிறேன். 2009இல் நான் வந்தபோது இங்கிலீஷ் வழியாகப் படித்த ஸ்பானிஷ்தான் கையில் இருந்தது. வாயைத் திறந்தால் யோ, யோ. மத்ரித்தின் லவாபியெஸ் பகுதியில் ஒரு ஓட்டலில் பாத்திரம் கழுவினேன். ஒருநாள் சமையல்காரர் ஏதோ கேட்க, “யோ லிம்பியோ பியென்” என்றேன். நன்றாகத்தான் கழுவுகிறேன் என்று சொன்னதாக நினைப்பு. பக்கத்தில் நின்ற எக்வதோர் நாட்டு அக்கா சட்டென்று திரும்பி, “இ யோ நோ?” என்றார். அப்போ நான் கழுவலையா? “நான் நல்லா கழுவுவேன்” என்று ‘நானை’ அழுத்தினால் நம் ஊரிலும் இதே சண்டைதான் வரும். ‘வந்தேன்’ என்றாலே ஆள் தெரிகிற மொழியை வைத்துக்கொண்டு நாம் ஏன் இங்கிலீஷைச் சுற்றிக்கொண்டு போகிறோமோ! பத்து வருஷம் இருந்தும் கடைக்கணக்குக்கு மேல் ஸ்பானிஷ் பேசாத நம்மவர்களை நினைத்தால் எரிச்சல்தான் வருகிறது.

ஆனால் தமிழை நம்பி எல்லா இடத்திலும் விட்டுவிடாதீர்கள். ‘ஆப்லோ’ என்றால் பேசுகிறேன், சந்தேகமே இல்லை. ‘ஆப்லா’ என்றால் அவனா, அவளா, மரியாதையாக நீங்களா? மூன்றுக்கும் அதேதான். இறந்தகாலத்தில் ‘த்ரபஹாபா’ (வேலை பார்த்துக்கொண்டிருந்த) வந்தால் ‘நானும்’ அதில் சேர்ந்துகொள்ளும். ஓர் அலுவலகத்தில் என்னையும் அறைத்தோழனையும் பற்றி மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டே போனேன், ‘யோ’வும் இல்லை, ‘அவன்’ என்கிற ‘எல்’லும் இல்லை. இரவு வேலை பார்த்தவன் அவன், காகிதத்தில் ஏறியது என் பெயர். திருத்த இன்னொரு நாள் வரிசை. ஒரே கதையில் இரண்டு பேர் வந்தால் ‘யோ’, ‘எல்’ சொல்லிவிடுங்கள்.

அந்த அக்காவோடு பிறகு ராசியாகிவிட்டேன். ஞாயிறு சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்தார். கீழே அழைப்பு மணியை அழுத்தினேன். “கியென் எஸ்?” யாரு? புதிதாகக் கற்ற பெருமையில் ‘யோ’வை விழுங்கி, “சோய்” என்றேன். ‘சோய் யோ’ என்றால்தான் ‘நான்தான்’. மேலே சிரிப்புச் சத்தம் கேட்டது, கதவு திறக்க வெகுநேரம் ஆனது.